பச்சை மை போதாது, பத்திரம் வேண்டும்

(திருவள்ளூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நகர்மன்ற உறுப்பினர்கள் வந்திருக்கிறீர்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தார் வந்திருக்கிறீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து, ரயில் மாறி வந்த தோழர்களும் பின்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரே ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஊருக்குத் திறந்தவெளி வேண்டும் என்றால் ஊர் அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். இப்போதே வாங்க வேண்டும். நியாயமான விலைக்கு, கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வாங்க வேண்டும்.

ஏன் இப்போதே என்கிறேன்? 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டிப் பக்கமும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன. திருவள்ளூர், மீஞ்சூர், திருமழிசை போன்ற ஊர்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் போடும் வேலையைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கையில் எடுத்திருக்கிறது. 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டமும் வருகிறது. நம் பிள்ளைகள் இருபது ஆண்டு எங்கே நடப்பார்கள், எங்கே விளையாடுவார்கள், மழைநீர் எங்கே தேங்கும் என்பதெல்லாம் இந்த வரைபடங்களில்தான் முடிவாகும். வரைபடம் வெளியாகும் முன்பே நிலத்தின் விலை ஏறத் தொடங்கிவிடும். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நமக்கு எவ்வளவு இடம் தேவை? மத்திய அரசு 2014இல் வெளியிட்ட நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டுதல்கள் ஆளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கின்றன. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 125 ஏக்கரிலிருந்து 150 ஏக்கர் வரை வருகிறது. நம் ஊரில் பூங்கா என்ற பெயரில் வேலி போட்டு, பலகை வைத்து, மக்கள் உள்ளே போய் உட்காரும் இடங்களைக் கூட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கின் அருகிலாவது வருமா? வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசையன்று வரும் கூட்டம் குளக்கரையிலும் தெருவோரத்திலும்தான் உட்கார்ந்து எழுகிறது. கும்மிடிப்பூண்டியில் நிலைமை இன்னும் கடினம். இரும்பு உருக்கும் ஆலையிலும் ரோலிங் மில்லிலும் வாரமெல்லாம் அனலில் நிற்கும் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மரநிழலில் உட்கார வேண்டுமென்றால் எங்கே போவார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவருக்கு அறைக்கு வெளியே நெடுஞ்சாலைதான் இருக்கிறது.

சட்டம் ஒன்றுமே தரவில்லையா என்று கேட்பீர்கள். தந்திருக்கிறது. ஓ.எஸ்.ஆர். என்று எல்லாரும் சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீடுதான் அது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி இடத்தில் பத்து சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள இடத்தில் நிலமாகக் கொடுக்க வழியில்லை என்றால், அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 3,000 சதுர மீட்டருக்குக் கீழே எதுவும் கிடையாது. இப்படி நிலம் கேட்கும் விதி தனியார் சொத்துரிமையைப் பறிக்கிறது என்று சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அஸ்திவாரம் உறுதியாகத்தான் இருக்கிறது.

அந்த அஸ்திவாரத்தின் மேல் என்ன எழும்பியிருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மீதி மூன்றரை ஏக்கர். அதில் பத்து சதவீதம் 35 சென்ட். லேஅவுட் வரைபடத்தில் அந்த 35 சென்டுக்குப் பச்சைக் கோடு போட்டு 'பார்க்' என்று எழுதியிருக்கும். மனை வாங்க வரும் குடும்பத்துக்கு ஏஜென்ட் முதலில் காட்டுவதும் அதைத்தான். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய் நில்லுங்கள். பெரும்பாலும் அது மனையாக விற்க முடியாத மூலையாக இருக்கும். ஓடையை ஒட்டிய பள்ளமாகவோ, உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழோ, மூன்று பக்கமும் கோணலான துண்டாகவோ இருக்கும். தானப் பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டா மாறவில்லை. பட்டா மாறியிருந்தாலும் வேலி போடவில்லை. முதல் ஐந்து ஆண்டில் கட்டட இடிபாடு கொட்டுகிறார்கள், அடுத்து ஒரு ஷெட் வருகிறது, பிறகு மின் இணைப்பும் வருகிறது. நகராட்சி விழித்துக்கொள்ளும்போது கையில் ஒரு வழக்கு எண்தான் மிஞ்சியிருக்கும். இன்னொரு வழியும் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே நிலத்தை 74 சென்டுக்கு, அதாவது 3,000 சதுர மீட்டருக்கு, குறைவான துண்டுகளாக வெவ்வேறு பெயரில் பிரித்துவிட்டால் பத்து சதவீதக் கடமையே எழாது.

சுருக்கமாகச் சொன்னால், ஓ.எஸ்.ஆர். வழியாக வருவது முழுவதும் வந்து சேர்ந்தாலும் சிதறிய சிறுதுண்டுகளாகத்தான் வரும். முப்பது சென்டில் ஊஞ்சல் போடலாம். மைதானம் அமைக்க முடியாது. மழைநீர் தேங்கும் தாழ்நிலம் இருக்காது. பத்து ஏக்கர் தோப்பு எழாது. அதற்கு ஊர் தன் காசில் நிலம் வாங்கத்தான் வேண்டும்.

'மாஸ்டர் பிளானில் பச்சை வண்ணம் பூசிவிட்டால் போதாதா, யாரும் கட்ட முடியாதே' என்று நம்புபவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்கள் ஒரு சட்டப் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 38. பொதுக் காரியத்துக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த அறிவிப்பு வெளியிடவில்லை, பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த ஒதுக்கீடு தானாகவே நீங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. உரிமையாளர் பக்கமிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் நிலத்தை முப்பது ஆண்டு முடக்கிப் போட்டுவிட்டுப் பணம் தராமல் இருக்க அரசுக்கு உரிமை கிடையாது. நகராட்சிக்கோ இது எச்சரிக்கை. அதே சட்டத்தின் பிரிவு 37, உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்து நிலத்தைக் கிரயம் பெறலாம் என்று வழி திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியில் நடக்கத்தான் ஆள் வேண்டும்.

எப்படி நடப்பது என்பதைச் சற்று விரிவாகப் பேசுகிறேன். இந்த உரையின் மையம் இதுதான்.

முதல் வேலை இடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒரே இடத்தின் மேல் ஆசை வைத்துக்கொண்டு விலை பேசப் போனால் விற்பவர் சொல்வதுதான் விலை. மூன்று இடங்களையாவது குறித்துக்கொள்ள வேண்டும். நம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். காக்களூரில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. ஏரியின் முன்கரை, வரத்துக்கால்வாயின் ஓரம், கொசஸ்தலையாற்றுப் பக்கத்துத் தாழ்நிலம் ஆகியவற்றை ஒட்டிய பட்டா நிலங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். வீடு கட்டினால் வெள்ளத்தில் மூழ்கும் நிலம், பூங்காவாக இருந்தால் வெள்ளத்தைத் தாங்கும். விலையும் சாலையோரத்து நிலத்தைவிடக் குறைவாக இருக்கும்.

இரண்டாவது ஆவணம். 'அ' பதிவேடு, புல வரைபடம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இந்த மண்ணில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. அன்று திருவள்ளூர் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஒப்படைப்பு. அந்த நிலம் ஒடுக்கப்பட்டோர் கையைவிட்டுப் போகக் கூடாது என்பது நிபந்தனை. பழைய பதிவேட்டில் பஞ்சமி என்றிருந்து, இன்று வேறொருவர் பெயரில் பட்டா இருக்கும் நிலத்தை நகராட்சி பொதுப்பணம் கொடுத்து வாங்கினால், பழைய அநீதிக்கு அரசு முத்திரை குத்தியதாக ஆகும். அப்படிப்பட்ட நிலம் உரியவர்களிடம் திரும்பிப் போக வேண்டும். பூங்காவுக்கு வேறு இடம் பாருங்கள்.

மூன்றாவது விலை. வழிகாட்டி மதிப்பைக் காட்டிப் பேசினால் எந்த உரிமையாளரும் எழுந்து போய்விடுவார். அவருக்கும் சட்டம் தெரியும். 2014 ஜனவரி முதல் நடப்பில் உள்ள நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், அக்கம்பக்கத்தில் மூன்று ஆண்டில் பதிவான கிரயங்களில் மேல்பாதியின் சராசரி மறுபக்கம். எது அதிகமோ அதுதான் அடிப்படை. அதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை. கிராமப்புறம் என்றால் இன்னும் ஒரு பெருக்கமும் சேரும். கட்டாயமாக எடுத்தாலே நகர்ப்புறத்தில் சந்தை மதிப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தர வேண்டியிருக்கும்போது, பேசி வாங்குகிறோம் என்று பாதி விலை சொல்வது பேச்சுவார்த்தை ஆகாது. நகராட்சியின் கையில் இருக்கும் பலம் வேறு. முழுத் தொகையும் வெள்ளையாக, தவணை இழுக்காமல், பதிவன்றே வங்கிக் கணக்கில் விழும். வழக்கு கிடையாது, ஆண்டுக்கணக்கில் அலைச்சல் கிடையாது. வயதான விவசாயிக்கு அந்த நிம்மதி பெரிய தொகை. அதை வாக்களித்தால் காப்பாற்ற வேண்டும். காசோலைக்காக மூன்று வருடம் நடக்க வைத்த அலுவலகத்திடம் இரண்டாவது உரிமையாளர் நிலம் விற்க வரமாட்டார்.

நான்காவது, எதை வெளியே சொல்வது, எதை அடக்கி வைப்பது. நகராட்சி அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பது மன்றக் கூட்டத்தில் பேசப்பட்டால் மறுநாள் காலை தரகர்கள் அந்தத் தொகையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். எல்லாமே ரகசியமாக நடந்தாலோ, யாருடைய மைத்துனர் நிலம் என்ற கேள்வி எழும், எழவும் வேண்டும். கலிஃபோர்னியாவில் 1953இல் கொண்டுவந்த பிரவுன் சட்டம் என்றொரு திறந்த கூட்டச் சட்டம் இருக்கிறது. அதன்படி, எந்த நிலம், நகரத்தின் சார்பில் யார் பேசுகிறார்கள் என்பதைத் திறந்த கூட்டத்தில் அறிவித்துவிட வேண்டும். விலையும் பணம் தரும் முறையும் மட்டும் மூடிய அறையில் பேசப்படலாம். இந்த முறையை நாமும் கடைப்பிடிக்கலாம். பேரம் முடிந்த அன்றே ஒப்பிட்டுப் பார்த்த கிரயப் பத்திரங்கள், மதிப்பீட்டு அறிக்கை, இறுதித் தொகை எல்லாவற்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் யாரோ மனு போட்ட பிறகு தருவதை, கேட்கும் முன்பே தந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போகும்.

'அரசு புறம்போக்கு இருக்கும்போது காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்' என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர் அது. ஆடுமாடு மேய்த்ததும், விறகு எடுத்ததும், மழைநீர் வடிந்து ஏரிக்குப் போனதும் அந்தப் பசுமையில்தான். ஊரார் போராடினார்கள், வழக்காடினார்கள். அங்கே பிரான்ஸின் மிஷலின் டயர் ஆலை வந்தபோது பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து 2012இல் பாரிஸ் வரை முறையீடு கொண்டுபோனார்கள். பத்திரமில்லாத பொது நிலத்தை அரசாணை ஒன்றால் இடம் மாற்றிவிட முடிந்தது. விலை பேச எதிரே யாரும் இல்லை, ஏனென்றால் விற்பவரும் அரசு, வாங்குபவரும் அரசு நிறுவனம். பயன்படுத்தியவர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே போடவில்லை. வேலை வாய்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஊரின் மேய்ச்சல் வெளிக்கும் காட்டுக்கும் விலை பூஜ்யம் என்று கணக்கு எழுதியதைத்தான் தவறு என்கிறேன்.

அதே ஊரின் பெயர் இன்னொரு திட்டத்திலும் இருக்கிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து, பக்கத்துப் பட்டா நிலங்களையும் எடுத்து, அரை டி.எம்.சி. கொள்ளளவில் நீர்த்தேக்கம் கட்டினார்கள். சுமார் 380 கோடி ரூபாய் செலவு. 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். சென்னையின் குடிநீருக்கு என்றதும் நிலத்துக்குப் பணம் ஒதுக்க அரசால் முடிந்தது. மாவட்டத்து மக்களின் மூச்சுக்காற்றுக்கும் விளையாட்டுக்கும் நிலம் வாங்கவும் முடியும். மனம் வைத்தால் போதும்.

பொது நிலம் என்ற பெயர் மட்டும் காவல் ஆகாது என்பதற்குச் சென்னையும் சாட்சி. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் சென்ட்ரல் பக்கத்தில் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா அமைந்தது. குளங்கள் இருந்தன, மிருகக்காட்சி சாலை இருந்தது. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பின்னர் நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதில் எழுந்தன. எல்லாமே பொதுக் காரியங்கள்தான். பொதுக் காரியங்களாலேயே பொது வெளி தீர்ந்துபோனது. பெங்களூரில் ராஜமஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் மருத்துவமனைக்குப் போனபோது, குடியிருப்போர் விடாமல் வழக்காடி 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். மருத்துவமனை நல்ல காரியமாக இருக்கலாம், பூங்கா ஒதுக்கீட்டை அதற்காகக் கலைக்க முடியாது என்றது நீதிமன்றம். வாங்கிய நிலத்தின் பத்திரத்திலேயே 'திறந்தவெளிக்கு மட்டும்' என்ற நிபந்தனையை எழுதிவிட வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம். நாளை மேல்நிலைத் தொட்டிக்கும், வார்டு அலுவலகத்துக்கும், கடை வளாகத்துக்கும் அந்த இடத்தைக் கேட்டு வருபவர்கள் நம்மவர்களாகத்தான் இருப்பார்கள்.

பணம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. முதலில், ஓ.எஸ்.ஆருக்கு ஈடாகக் கட்டிய தொகை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பணம் நம் ஊரில் கொடுக்காமல் விட்ட நிலத்தின் விலை. அது நம் ஊருக்கே நிலமாகத் திரும்ப வேண்டும். இரண்டாவது, தொழிற்சாலைகள். சுற்றுச்சூழல் அனுமதி பெறும் ஆலைகளுக்குப் பசுமைப் பரப்பு நிபந்தனை உண்டு. ஆலைச் சுவருக்குள் இருக்கும் அந்தப் பச்சை தொழிலாளியின் பிள்ளைக்குப் பயன்படாது. சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஆலைகள் கூட்டாக நிலம் வாங்கி உள்ளாட்சிக்குத் தர வேண்டும் என்று பேசத் தொடங்குங்கள். மூன்றாவது, நாமே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பௌல்டர் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் மக்கள் 1967இல் திறந்தவெளி நிலம் வாங்குவதற்கென்று தங்கள் மேல் தாங்களே விற்பனை வரியை வாக்களித்துப் போட்டுக்கொண்டார்கள். இன்று அந்த ஊரின் பொறுப்பில் 45,000 ஏக்கருக்கு மேல் திறந்தவெளி இருக்கிறது. நம் நகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. இருந்தாலும் சொத்துவரி வருவாயில் ஒரு சிறு பங்கை நில நிதி என்று தனிக் கணக்கில் ஆண்டுதோறும் போட்டு வர மன்றம் தீர்மானிக்கலாம்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உலகமே புகழ்கிறது. 1853இல் மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நகரம் அந்த நிலத்தை வாங்கியது. அதற்காக அங்கே வீடும் தேவாலயமும் கட்டி வாழ்ந்த கறுப்பின மக்களின் செனெகா கிராமத்தை அப்புறப்படுத்தியது. முன்யோசனைக்கும் அநீதிக்கும் அந்தப் பூங்கா ஒரே நேரத்தில் உதாரணம். நாம் முன்யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏழையின் குடிசையைப் பிரித்துப் பூங்கா போட வேண்டாம்.

நகர்மன்ற உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. உங்கள் எல்லைக்குள் தானமாக வந்த ஓ.எஸ்.ஆர். இடங்களின் சர்வே எண் பட்டியலை வார்டு வாரியாக வெளியிடுங்கள். அவற்றுக்குப் பட்டாவும் வேலியும் உறுதி செய்யுங்கள். பத்து ஏக்கருக்குக் குறையாத ஓர் இடத்தையாவது பேசி வாங்க அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். பொதுமக்களுக்கு ஒன்று. பகுதி சபை கூடும்போது போய் உட்காருங்கள். 'எங்கள் வார்டின் பூங்கா இடம் எங்கே, அதன் பத்திரம் எங்கே' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த சபையிலும் கேளுங்கள். கட்டடத்தை இருபது ஆண்டு கழித்தும் கட்டிக்கொள்ளலாம். விற்றுப் பிரிந்து வீடான நிலத்தை எந்த நகராட்சியாலும் திரும்ப வாங்க முடியாது. வாங்கக்கூடிய காலம் இன்னும் நம் கையில் இருக்கிறது. வாங்கிவிடுங்கள்.